பிரசவ நேரத்தில் தாய்க்குப் போடும் மயக்க மருந்து பிள்ளையின் உடம்பில் எங்கெல்லாம் போகிறது?

களக்காட்டுப் பக்கம் இருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வி இது. மனைவிக்கு அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் பிரசவம். வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது அது இரண்டு நாள் கண் திறக்காமல் தூங்கியதாம். “மயக்க மருந்து புள்ளைக்கும் ஏறிட்டு” என்று ஆச்சி சொல்கிறார். மருந்து உண்மையிலேயே பிள்ளைக்குப் போகுமா, போனால் உடம்பில் எங்கே தங்கும், எத்தனை நாளில் வெளியேறும் என்று தம்பி கேட்கிறார்.

போகுமா என்பதற்குப் பதில் ஒரே சொல்தான்: போகும். அந்த அளவில் ஆச்சி சொல்வது சரி. ஆனால் தம்பிக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி. எந்த மருந்து, எந்த வழியாகக் கொடுத்தது, எவ்வளவு, பிள்ளை பிறப்பதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன்னால் என்ற நான்கும் சேர்ந்துதான் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் திருநெல்வேலியில் மயக்கவியல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். பிரசவ அறையிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் பல வருஷமாக இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தம் ஒரு குளம் மாதிரி நிற்காமல் வந்து போய்க்கொண்டிருக்கும் இடத்தில், பிள்ளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நனைந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய திசுப்படலம் ஒன்றுதான். அதைத் தாண்ட மருந்துக்கு யாரும் கதவு திறந்துவிட வேண்டியதில்லை. அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு அதுவாகவே ஊடுருவும். மூலக்கூறு சிறியதாக, சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு இது) இருக்க வேண்டும்; கொழுப்பில் கரைய வேண்டும்; மின்னூட்டம் இல்லாமல் இருக்க வேண்டும்; ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் தனியாக இருக்க வேண்டும். மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். மூளைக்குள் நுழையத் தெரிந்த மருந்துக்கு நஞ்சுக்கொடியைத் தாண்டுவதும் கடினமில்லை. தசைகளைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம், ரோக்குரோனியம், வெக்குரோனியம் போன்றவை மின்னூட்டம் உள்ளவை, ஆகவே வழக்கமான அளவில் மிகக் கொஞ்சமே தாண்டும். முழு மயக்கம் கொடுத்துச் செய்த ஆபரேஷனில் தாய் விரலைக்கூட அசைக்க முடியாத நிலையில் இருக்கும்போதே, வெளியே எடுத்த பிள்ளை கைகாலை உதறி அழுவது இதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு ஈதர் கொடுத்தது 1847இல். அதற்கடுத்த சில வருஷங்களிலேயே, பிறந்த பிள்ளையின் மூச்சில் ஈதர் வாடை அடிப்பதை லண்டனில் ஜான் ஸ்நோ கவனித்துச் சொல்லிவிட்டார். 1870களில் பவுல் சுவைஃபல் என்ற ஜெர்மன் நாட்டு மருத்துவர், தாய் முகர்ந்த குளோரோஃபார்ம் பிள்ளையின் சிறுநீரில் வருவதைக் காட்டினார். பிள்ளைக்கு மருந்து போவது அன்றே நிரூபணமான ஒன்று.

இனி முதுகு ஊசிக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். சிசேரியனுக்குப் போடும் ஸ்பைனல் ஒரே தடவை போடுவது. தண்டுவட நீருக்குள் நேராக 2 மில்லி அளவு, அதாவது சுமார் 10 மில்லிகிராம் புபிவகைன் என்ற, மரத்துப்போகச் செய்யும் மருந்து போகும். அதில் தாயின் ரத்தத்துக்கு வருவது சொற்பம், பிள்ளைக்குப் போவது அதிலும் சொற்பம். சுகப்பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் வேறு. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டு மணிக்கணக்காக மருந்து கொடுப்போம். இன்று பரவலாகப் பயன்படும் 0.1 சதவீத புபிவகைன் மணிக்கு 10 மில்லி போனால், மணிக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. முன்பெல்லாம் 0.25 சதவீதமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். அதே 10 மில்லியில் 25 மில்லிகிராம் போய்விடும். கால் மரத்துப் போய், முக்க முடியாமல் போன தாய்மார்களின் கதைகள் பெரும்பாலும் அந்தக் காலத்து அளவுகளிலிருந்து வந்தவை.

புபிவகைனைப் பற்றிப் புத்தகங்களில் ஒரு கணக்கு வரும். பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் அளவு தாயின் ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே அது பிள்ளைக்கு அதிகம் போவதில்லை என்பார்கள். இந்த வாதத்தை நான் தாய்மார்களிடம் சொல்வதில்லை, ஏனென்றால் அது பாதிதான் சரி. புபிவகைன் தாயின் ரத்தத்தில் 95 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளையின் ரத்தத்தில் அந்தப் புரதம் குறைவு, அதனால் அங்கே மொத்த அளவு குறைவாகத் தெரியும். ஒட்டாமல் தனியாக இருந்து திசுக்களுக்குள் நுழையக்கூடிய பங்கு, நேரம் போகப் போக இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். உண்மையான ஆறுதல் வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த அளவில் கொடுக்கும்போது தாயின் ரத்தத்தில் ஏறுவதே கொஞ்சம்தான், ஆகவே இரண்டு பக்கமும் சமமானாலும் அந்தச் சமம் சிறிய அளவிலேயே இருக்கும்.

சரி, தாண்டிய மருந்து பிள்ளையின் உடம்பில் எங்கே போகிறது? தொப்புள்கொடியின் சிரை வழியாக வரும் ரத்தத்தில் பெரும் பங்கு முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது, ஒரு சிறு பங்கு மட்டும் குறுக்குவழியில் நேராக இதயத்தின் பக்கம் போகிறது. முதல் வேகத்தில் வரும் மருந்தில் நிறையக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது. தப்பி வருவது, பிள்ளையின் கால், வயிற்றுப் பக்கமிருந்து திரும்பும் மருந்தில்லாத ரத்தத்தோடு கலந்து நீர்த்துப் போகிறது. அப்படி நீர்த்த பிறகுதான் இதயத்தையும் மூளையையும் எட்டுகிறது. முழு மயக்கத்துக்குத் தூங்க வைக்கும் தயோபென்டோனைத் தாயின் நரம்பில் போட்டால் ஒரு நிமிஷத்துக்குள் தொப்புள்கொடி சிரையில் உச்ச அளவில் இருக்கும். தாய் அயர்ந்து உறங்குகிறாள். ஆனாலும் சரியான அளவில் போட்டிருந்தால் பிள்ளை அழுதுகொண்டுதான் வரும். அந்த மருந்து அதன் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவ்வளவு குறைந்துவிடுகிறது.

ரத்தம் அதிகம் ஓடும் உறுப்புகளான கல்லீரல், இதயம், மூளை ஆகியவற்றில்தான் மருந்து முதலில் சேரும். தசையிலும் கொழுப்பிலும் அப்புறம்தான் பரவும். குறைமாதப் பிள்ளைக்குக் கொழுப்பும் புரதமும் குறைவு, கல்லீரலும் பக்குவப்பட்டிருக்காது, அதனால் அதே மருந்து அதற்குக் கூடுதலாக உறைக்கும். வீட்டில் யாரும் யோசிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: இந்தப் போக்குவரத்து இருவழி. தாயின் ரத்தத்தில் மருந்து குறையத் தொடங்கியதும், பிள்ளையிடம் இருப்பது அதே நஞ்சுக்கொடி வழியாகத் தாய்க்கே திரும்பும். தொப்புள்கொடி துடிக்கும் வரை பிள்ளையின் மருந்தை வெளியேற்றும் வேலையைத் தாயின் கல்லீரலே பார்த்துக்கொள்கிறது. கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபடுகிறது. அதற்கு மேல் உள்ளே இருப்பதைப் பிள்ளை தன் சொந்தக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வைத்துத்தான் கழிக்க வேண்டும். பெரியவர் உடம்பில் லிக்னோகைன் (புபிவகைன் மாதிரியே மரத்துப்போகச் செய்யும் மருந்து) பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், பிறந்த பிள்ளைக்கு சுமார் 3 மணி நேரம். வலிக்கு ஊசியாகப் போடும் பெதிடின் என்றால் தாய்க்கு மூன்று நான்கு மணி நேரம், பிள்ளைக்கு 20 மணி நேரம் போல ஆகும். பெதிடின் உடைந்து உண்டாகும் நார்பெதிடின் பிள்ளையிடம் இரண்டு மூன்று நாள் இழுத்தடிக்கும். “எத்தனை நாளில் வெளியேறும்” என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாமல் போவது இதனால்தான்.

முதுகு ஊசியில் பிள்ளைக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, உள்ளே போகும் அந்தச் சொற்ப மருந்து அல்ல. தாயின் பிரஷர் விழுவதுதான். முதுகில் மருந்து வேலை செய்ததும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் குறையும். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய சிரையை அழுத்தி அதை இன்னும் குறைக்கும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்தால் பிள்ளைக்கு ஆக்சிஜன் குறையும், அதன் ரத்தம் அமிலத்தன்மை அடையும். அங்கேதான் இரண்டாவது சிக்கல் தொடங்குகிறது. லிக்னோகைன், புபிவகைன் இரண்டும் காரத்தன்மை உள்ளவை. அமிலம் கூடிய ரத்தத்துக்குள் வந்ததும் அவை மின்னூட்டம் பெற்றுவிடும், மின்னூட்டம் பெற்றது திரும்பப் படலத்தைத் தாண்டாது. வாய்க்காலில் வைத்த பறிக்குள் மீன் போவது மாதிரி, உள்ளே வரலாம், வெளியே போக வழியிருக்காது. 1981இல் பபூன் குரங்குகளின் கருவில் செய்த ஆய்வு ஒன்றில், மூச்சுத்திணறலில் இருந்த கருக்களின் இதயம், மூளை, கல்லீரல் ஆகியவற்றில் லிக்னோகைன் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. நலமாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாத அளவு, ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சுமையாகலாம் என்பது அதன் பொருள்.

ஊசி போட்டதோடு எங்கள் வேலை முடிவதில்லை என்று நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான். தாயை இடது பக்கமாகச் சாய்த்து வைப்பது, முதல் இருபது முப்பது நிமிஷம் விடாமல் பிரஷர் பார்ப்பது, விழ ஆரம்பித்ததும் ஃபினைல்எஃப்ரின் கொடுத்துத் தூக்குவது, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனிப்பது ஆகியவைதான் பிள்ளையைக் காக்கின்றன. முன்பு இதற்கு எஃபிட்ரின்தான் முதல் மருந்து. அது தானும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் உடம்பை வேகப்படுத்தி அமிலத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று தெரிந்த பிறகு அது பின்னுக்குப் போய்விட்டது.

அடுத்து, அக்காவின் பிள்ளை. தூங்கிய பிள்ளைகளின் கதையைக் கேட்கும்போது நான் முதலில் விசாரிப்பது முதுகு ஊசியைப் பற்றி அல்ல. அதற்கு முன்னால் இடுப்பிலோ கையிலோ வலிக்குப் போட்ட ஊசி எது, எத்தனை மணிக்கு என்பதைத்தான். பெதிடின், ட்ரமடால், பென்டசோசின், கூடவே தூக்கம் தரும் ஃபெனெர்கன் என்று பல கொடுக்கப்படுகின்றன. இவை உடம்பு முழுக்கப் பரவும் மருந்துகள். நஞ்சுக்கொடியைத் தாராளமாகத் தாண்டும். ட்ரமடால் ஏறக்குறைய தடையே இல்லாமல் போகும். பெதிடினைத் தசையில் போட்டால், பிள்ளையின் உடம்பில் அது அதிகமாகச் சேர்ந்திருப்பது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிறந்துவிட்டால் பெரும்பாலும் பாதிப்பு தெரியாது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் பிறக்கும் பிள்ளைகளில்தான் மூச்சு மந்தம், துவண்ட உடம்பு, மார்பைப் பிடிக்காமல் தூங்குவது எல்லாம் அதிகம் பார்க்கிறோம்.

நம் ஜில்லாவின் நிலைமையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மணிமுத்தாறு, பாபநாசம், ராதாபுரம் பக்கம் வலி எடுத்த பெண்ணை முதலில் அருகில் உள்ள சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வலிக்கு ஓர் ஊசி. பிறகு “இங்கே சரிவராது” என்று சொல்லி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 108இல் வந்து சேர ஒரு மணி நேரம், சேர்ந்து பரிசோதித்து ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். பிள்ளை சரியாக அந்த மோசமான நேரத்தில் வந்து விழுகிறது. அனுப்பிய சீட்டில் ஊசியின் பெயரும் நேரமும் எழுதப்படாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். அது தெரிந்தால் குழந்தை டாக்டர் பிள்ளையின் மூச்சை உதவி கொடுத்துப் பார்த்துக்கொள்வார், தேவைப்பட்டால் பெதிடின் போன்றவற்றை முறிக்கும் நலாக்சோனையும் யோசிப்பார், அதிக நேரம் கண்காணிப்பில் வைப்பார். தெரியாவிட்டால் காரணம் தேடியே நேரம் போகும். அனுப்பும் இடத்தில் “என்ன ஊசி, எத்தனை மணிக்கு” என்று எழுதி வாங்குங்கள், தம்பி. கூட வரும் பெண்கள் யாராவது ஒருவர் போனில் குறித்து வைத்தாலும் போதும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனிச் சொல்வது இன்னும் விவாதத்தில் இருப்பவை. 1974இல் ஸ்கேன்லன் என்பவரும் சகாக்களும், எபிடியூரலில் லிக்னோகைன் அல்லது மெபிவகைன் வாங்கிய தாய்மாரின் பிள்ளைகள் விழிப்பாக இருந்தும் தசை துவண்டிருந்ததாக எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் லிக்னோகைன் விஷயத்தில் இதை உறுதிப்படுத்தவில்லை. எபிடியூரலில் சேர்க்கும் ஃபென்டனில் என்ற வலி மருந்து தாய்ப்பாலைக் கெடுக்குமா என்பது இன்னொன்று. 2005இல் வந்த ஆய்வில், மொத்தம் 150 மைக்ரோகிராமுக்கு மேல் வாங்கியவர்களில் பால் கொடுப்பதில் சிரமம் கூடுதலாக இருந்தது. 2017இல் வந்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மில்லிக்கு 2 மைக்ரோகிராம், மணிக்கு 10 மில்லி என்று வைத்தால் 150ஐத் தொட ஏழரை மணி நேரம் ஆகும். பிரசவம் நீண்டால் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

எபிடியூரல் போட்டால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பிக்கு அது நிச்சயம் வந்திருக்கும். 2020இல் தெற்கு கலிபோர்னியாவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகளை வைத்து வெளியான ஆய்வு ஒரு சிறிய தொடர்பைக் காட்டியது உண்மைதான். ஆனால் எபிடியூரல் கேட்கும் தாய்மாரும் கேட்காதவர்களும் வேறு பல விஷயங்களிலும் வேறுபடுகிறார்கள். அதை முழுக்கக் கழிக்கவில்லை என்று மருத்துவச் சங்கங்கள் உடனே எதிர்த்தன. மறுவருஷம் கனடாவின் மானிடோபாவிலும் டென்மார்க்கிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க தொடர்பு வரவில்லை. இதற்காக யாரும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழு மயக்கம் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. 3 மணி நேரத்துக்கு மேல் நீளும், அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றித்தான் 2016இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. சிசேரியனில் பிள்ளை மயக்க மருந்தோடு இருப்பது சில நிமிஷங்கள்தான்.

ஆகவே உங்கள் மனைவி எபிடியூரல் வேண்டும் என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் என் பதில். முக்கும் நேரம் சற்று நீளலாம், சிலருக்குக் காய்ச்சல் வரலாம். இன்றைய குறைந்த அளவுகளில் அதனால் சிசேரியன் கூடுவதில்லை. தாங்க முடியாத வலியும் பதற்றமும்கூட நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதை ஆச்சியிடம் சொல்லுங்கள். போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை: மயக்க மருத்துவர் பிரசவம் முடியும் வரை கூப்பிட்ட உடன் வருவாரா, பிரஷரையும் பிள்ளையின் துடிப்பையும் யார் பார்ப்பார்கள், கொடுக்கும் மருந்தின் சதவீதம் என்ன. ராத்திரியில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்றால் அந்த இடத்தில் எபிடியூரல் வேண்டாம் என்றே சொல்வேன். அவளுக்கே விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள், முடிவு அவளுடையது.

பிறந்த பிள்ளை முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக விழித்திருக்கும். அப்புறம் முதல் நாளில் நிறையத் தூங்குவது ஊசியே போடாத பிள்ளைக்கும் இயல்பு. தாயின் வெற்று மார்பில் சாய்த்துப் போட்டு, முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கச் சொல்லுங்கள். முதுகு ஊசி போட்டதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதே இல்லை, சீம்பாலில் வரும் மருந்து பொருட்படுத்தக்கூடியது அல்ல. தூங்குகிறது என்று சேனை வைப்பதோ சீனித்தண்ணீர் புகட்டுவதோ வேண்டாம். நன்றாக விழுங்காத பிள்ளைக்கு அது புரையேறும்.

அக்காவின் பிள்ளைக்கு அன்று என்ன நடந்தது என்று கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரசவ நேரம், அதற்கு முன் போட்ட ஊசிகள், பிள்ளையின் சர்க்கரை அளவு ஆகியவை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். ஸ்பைனல் மட்டும் போட்டிருந்தால், இரண்டு நாள் தூக்கத்துக்கு அந்த 2 மில்லியைக் காரணமாக நான் ஏற்கமாட்டேன். சர்க்கரை குறைவு, கிருமித்தொற்று, மஞ்சள் காமாலை, உடம்பு சில்லிட்டுப் போவது எல்லாமே பிள்ளையைத் தூங்கப் போடும், எல்லாமே உடனே சிகிச்சை செய்ய வேண்டியவை. அடுத்த மாதம் உங்கள் பிள்ளை எழுப்பியும் பால் குடிக்காமல், முனகிக்கொண்டோ, உதடு நீலம் பூத்தோ, முதல் நாளிலேயே மஞ்சள் தட்டியோ இருந்தால், மருந்து இறங்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே குழந்தை டாக்டரைக் கூப்பிடுங்கள்.